கிச்சன் தரை தொல்லை தருகிறதா? முதலில் காரணத்தைப் பிடியுங்கள், அப்புறம் டைல்ஸ் கடைக்குப் போகலாம்

சென்னையில் யாராவது "கிச்சன் தரையை மாத்தப் போறோம், எந்த டைல்ஸ் நல்லது?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது இருக்கிற தரை என்ன தொல்லை கொடுக்கிறது? வழுக்குகிறதா, கறை பிடிக்கிறதா, தட்டினால் டொப் டொப் என்கிறதா, எவ்வளவு துடைத்தாலும் ஒரு ஓரம் மட்டும் ஈரமாகவே இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. சிலவற்றுக்குத்தான் மேலே கிடக்கிற கல்லை மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் அடியில் இருக்கும் கலவை, தண்ணீர் ஓடும் வாட்டம், ஜாயிண்ட், பைப் இவற்றில் வருகிற கோளாறு. அதைப் பார்க்காமல் விலை கூடிய டைல்ஸாகப் பார்த்து வாங்கிப் போட்டால், ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் அதே தொல்லை புது டைல்ஸ் வழியாக எட்டிப் பார்க்கும்.

அதனால் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தாலும் போதும், ஆனால் இந்த முதல் பகுதியை யாரும் தாண்ட வேண்டாம்.

காலடியில் இருப்பது என்ன கல்?

இது தெரியாமல் எந்த வைத்தியமும் செய்யக்கூடாது. விட்ரிஃபைட் டைல்ஸை ஒன்றும் செய்யாத எலுமிச்சைச் சாறு மார்பிளை அரித்துவிடும்.

பிரிட்ஜுக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் மட்டும் பளபளப்பு போய் வெளிறித் தெரிந்தால் அது சுண்ணாம்புக் கல் வகை. மார்பிள், கடப்பா, கோட்டா எல்லாம் இதில் சேரும். மொசைக்கில் இருப்பது மார்பிள் சில்லும் சிமெண்டும். பழைய வீட்டு ரெட் ஆக்சைடு தரையும் ஆத்தங்குடிக் கல்லும் சூளையில் சுடாத சிமெண்ட்தான். இவை எதற்கும் புளிப்பு ஆகாது. சொட்டு விட்ட இடத்தில் ஒன்றுமே ஆகவில்லை என்றால் கிரானைட், இல்லையென்றால் சுட்ட டைல்ஸ்.

டைல்ஸ் என்றால் இன்னொரு கேள்வி இருக்கிறது, விட்ரிஃபைடா சாதா செராமிக்கா என்று. பரணிலோ மொட்டை மாடியிலோ மிச்சத் துண்டு ஒன்று கிடக்கும், அதைத் திருப்பிப் போட்டு முதுகில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் விட்ரிஃபைட், அது தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறிஞ்சி அந்த இடம் இருண்டால் செராமிக். சுவருக்கென்று செய்த செராமிக் 10 சதவீதத்துக்கு மேல்கூடக் குடிக்கும். அந்தச் சுவர் டைல்ஸைத் தரையில் போட்ட வீடுகளும் இருக்கின்றன, அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

தண்ணீர் பட்டால் வழுக்குகிறது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய கோளாறு இதுதான். கறையோடு காலம் தள்ளலாம், விரிசலைத் தாண்டி நடக்கலாம், வயதான அம்மா ஈரத் தரையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வீடே நின்றுபோகும். ஆனாலும் ஹாலில் போட்ட அதே பளபளா டைல்ஸைக் கிச்சனுக்குள்ளும் ஒரே ஓட்டமாகப் போட்டுவிடுவதுதான் நம்ம ஊரில் வழக்கம். பார்க்க அழகாக இருக்கிறது, துடைக்க சுலபம், பில்டரும் அதைத்தான் கொடுக்கிறார்.

முதலில் எங்கே வழுக்குகிறது என்று வெறுங்காலில் நடந்து பாருங்கள். அடுப்புக்கு முன்னால் மட்டும் என்றால் அது தாளிக்கும்போது தெறித்து, கண்ணுக்குத் தெரியாமல் படிந்த எண்ணெய். வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கலந்து பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை துடைத்து எடுங்கள். இரண்டாவது தடவை முக்கியம், சோப்பு மிச்சம் இருந்தால் அதுவே வழுக்கும். வீடு முழுக்கத் துடைத்த பிறகு மட்டும் வழுக்கினால், ஊற்றுகிற ஃப்ளோர் கிளீனர் அளவுக்கு மீறிப் போகிறது, மூடியில் சொன்ன அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். இந்த இரண்டிலும் சரியாகிவிட்டால் டைல்ஸை மாற்ற வேண்டியதில்லை.

எங்கே தண்ணீர் பட்டாலும் வழுக்குகிறது, சுத்தமாக இருந்தாலும் வழுக்குகிறது என்றால் குற்றம் டைல்ஸின் மேற்பரப்பில்தான். இதற்கென்று ரசாயனம் பூசி மேற்பரப்பை லேசாகச் சொரசொரப்பாக்கித் தருகிறார்கள். பளபளப்பு குறையும், நாளாக நாளாகப் பலனும் தேயும். அடியில் ரப்பர் உள்ள மிதியடியை சிங்க்குக்கு முன்னால் போட்டுக்கொண்டு ஓட்டலாம், ரப்பர் இல்லாத துணி மிதியடி மட்டும் வேண்டவே வேண்டாம், அதுவே ஆளை இழுத்துக்கொண்டு போகும். வீட்டில் அறுபது தாண்டியவர்களோ கர்ப்பிணியோ இருந்தால் நான் இந்த ஒட்டுவேலையெல்லாம் சொல்ல மாட்டேன், மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மாற்றும்போது கேட்க வேண்டியது பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் விட்ரிஃபைட். பெட்டியிலோ கம்பெனியின் விவரத் தாளிலோ ஆர் 9, ஆர் 10 என்று ஒரு குறியீடு இருக்கும். எண்ணெய் தடவிய சரிவுப் பலகையில் ஆளை நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்வு வரை வழுக்காமல் நிற்கிறார் என்று பார்க்கிற ஜெர்மன் சோதனை அது. ஆர் 9 முதல் ஆர் 13 வரை போகும், ஆர் 10 என்றால் 10 டிகிரிக்கு மேல் 19 டிகிரி வரை. வீட்டுக் கிச்சனுக்கு ஆர் 10 போதும். பாதுகாப்புதானே என்று ஆர் 12, 13 பக்கம் போகாதீர்கள், அவை ஹோட்டல் சமையல்கூடம், தொழிற்சாலை மாதிரி இடங்களுக்கு. அவற்றின் சொரசொரப்பான மேற்பரப்பின் பள்ளங்களில் எண்ணெயும் மாவும் ஏறிக் கறுத்துப்போனால் மாப்பு போட்டு எடுக்கவே முடியாது.

குறியீட்டை மட்டும் நம்ப வேண்டாம். கடையில் டைல்ஸைத் தரையில் வைக்கச் சொல்லி, பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். அந்த ஜெர்மன் சோதனை ஷூ போட்டு நடந்தது, நம் கிச்சனில் நடப்பது வெறுங்கால்.

கிரானைட்டிலும் இதே கதைதான். பாலிஷ் போட்டது ஈரத்தில் வழுக்கும், தோல் மாதிரி லேசான மேடுபள்ளத்தோடு இருக்கும் லெதர் ஃபினிஷ் பரவாயில்லை. நெருப்பு காட்டிச் சொரசொரப்பாக்கியது கார் நிறுத்துமிடத்துக்கும் வாசல் படிக்கும் சரி, கிச்சனுக்கு வேண்டாம்.

கறை போகவே மாட்டேன் என்கிறது

கறையா, அரிப்பா என்று பிரித்துப் பாருங்கள். கறை என்றால் அந்த இடம் சுற்றியிருப்பதைவிட இருண்டோ நிறம் மாறியோ இருக்கும். அரிப்பு என்றால் வெளிறி, பளபளப்பு இழந்து, மொபைல் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மங்கலான திட்டாகத் தெரியும். மார்பிளிலும் கடப்பாவிலும் புளிக்கரைசலோ எலுமிச்சையோ தயிரோ சிந்தினால் வருவது அரிப்பு. அதை எந்த கிளீனராலும் எடுக்க முடியாது, ஏனென்றால் மேலே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை, கல்தான் கரைந்திருக்கிறது. மறுபடி பாலிஷ் போட வேண்டும், போட்டாலும் அடுத்த ரசம் சிந்தும் வரைதான். தினமும் புளி கரைக்கிற வீட்டுக் கிச்சனுக்கு மார்பிள் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சரி.

மஞ்சள் கறைக்கு ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். சோப்போ சமையல் சோடாவோ பட்டவுடன் மஞ்சள் சிவப்பாக மாறும், பார்த்தால் கறை கூடிவிட்ட மாதிரி பயமாக இருக்கும். அது காரம் பட்டதால் வருகிற நிறமாற்றம்தான், தண்ணீர் ஊற்றித் துடைத்தால் மட்டுப்படும். மஞ்சளின் உண்மையான எதிரி வெயில். ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் கறை தானாகவே சில நாளில் வெளுக்கும். அவசரமென்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் நனைத்து வைக்கலாம், விட்ரிஃபைட் என்றால் பயமில்லை, கல் என்றால் ஓரத்தில் சோதித்துவிட்டு.

கிரானைட்டில் எண்ணெய் இறங்கிக் கறுப்பாகத் தெரிந்தால் தேய்த்துப் பயனில்லை, உறிஞ்சி எடுக்க வேண்டும். சமையல் சோடாவைத் தண்ணீரில் இட்லி மாவு பதத்துக்குக் குழைத்து, கறை மேல் கனமாக அப்பி, பிளாஸ்டிக் பேப்பர் போட்டு ஓரத்தை டேப்பால் ஒட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் பேப்பரை எடுத்துவிட்டுக் காயவிட்டுச் சுரண்டினால் பாதிக் கறை மாவோடு வந்திருக்கும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

டைல்ஸ் முழுக்க வெள்ளைப் படலமாக, காய்ந்தவுடன் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால் அது போர் தண்ணீர் அல்லது லாரி தண்ணீரின் உப்பு. விட்ரிஃபைட் தரையில் வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்தால் போய்விடும். மார்பிள், கடப்பா, மொசைக்கில் வினிகர் கூடாது.

ஒரு எச்சரிக்கை. கறை போகவில்லை என்று ஆசிட் வாங்கி ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆசிட் ஜாயிண்ட் சிமெண்டைத் தின்னும், சுண்ணாம்புக் கல்லைத் தின்னும், ஸ்டீல் சிங்கைக் கறுக்கவைக்கும். ஆசிட் ஊற்றிய தரையில் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத அபார்ட்மெண்ட் கிச்சனில் அது உயிருக்கே ஆபத்து. வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லி வையுங்கள், முழங்காலில் உட்கார்ந்து தேய்ப்பவர் அவர்தான்.

சிலிண்டர் வைத்த இடத்தில் துரு வளையம்

முழு சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ, அதில் கேஸ் மட்டும் 14.2 கிலோ. அடி வளையத்தில் பெயிண்ட் போன இடத்தில் ஈரம் பட்டால் துரு தரையில் அச்சாக இறங்கிவிடும். விட்ரிஃபைட் என்றால் ஆக்சாலிக் ஆசிட் கலந்த துரு நீக்கியால் எடுக்கலாம், கையுறை கட்டாயம். கடப்பாவிலும் மார்பிளிலும் எடுப்பது கஷ்டம், முயற்சியில் கல்லும் மங்கும். சக்கரம் வைத்த சிலிண்டர் ஸ்டாண்ட் ஒன்று வாங்கிவிட்டால் துருவும் இல்லை, தரையில் தரதரவென்று இழுத்துக் கீறுவதும் இல்லை.

ஜாயிண்ட் கறுத்துப்போகிறது, உதிர்கிறது, கரப்பான் வருகிறது

டைல்ஸ் நன்றாக இருக்கும், இடையில் இருக்கும் கோடு மட்டும் கறுத்துத் தரை முழுக்கவே அழுக்காகத் தெரியும். நம் ஊரில் பெரும்பாலும் ஜாயிண்ட்டில் ஒயிட் சிமெண்ட்தான் அடைக்கிறார்கள். அது தண்ணீர், எண்ணெய், மஞ்சள் எல்லாவற்றையும் உறிஞ்சும். சில வருஷத்தில் உதிர்ந்து பள்ளமாகி, அந்தப் பள்ளத்தில் சோற்றுப் பருக்கையும் மாவும் தங்கும். கரப்பானும் எறும்பும் அதைத் தேடித்தான் வருகின்றன.

இதற்குத் தரையை மாற்றத் தேவையே இல்லை. ஜாயிண்ட்டை மட்டும் சுரண்டி எடுத்து எபாக்ஸி கிரௌட் (தண்ணீரை உறிஞ்சாத பிசின் கலவை) அடைத்தால் தரை புதுசாகத் தெரியும். கிரௌட் சுரண்டும் பிளேடு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், கிரைண்டர் மிஷின் வைத்து அறுத்தால் வேகமாக முடியும், டைல்ஸ் ஓரம் தெறிக்கவும் வாய்ப்பு உண்டு. பாதி ஆழமாவது சுரண்ட வேண்டும், பழைய சிமெண்டின் மேலேயே பூசினால் தோல் உரிவது போல் உரியும். எபாக்ஸி சீக்கிரம் இறுகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பூசிய கையோடு டைல்ஸ் மேல் படிந்ததை ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டே போக வேண்டும். விட்டுவிட்டால் அந்தப் படலத்தை அப்புறம் எடுப்பது பெரும்பாடு. செலவு சிமெண்டைவிட அதிகம்தான், ஆனால் கிச்சனில் நான் சிக்கனம் பார்க்காத இடம் இது.

தட்டினால் டொப் டொப், அல்லது டைல்ஸ் மேலே எழும்பிவிட்டது

மரக்கரண்டியின் காம்பால் ஒவ்வொரு டைல்ஸிலும் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டிக்கொண்டே போங்கள். அடியில் கலவை நிறைவாக இருந்தால் சத்தம் கெட்டியாக வரும், காலியாக இருந்தால் சத்தம் மாறுவது காதுக்குத் தெளிவாகத் தெரியும். காலியான இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள்.

எண்ணிக்கையைவிட அந்தக் குறிகள் விழுந்திருக்கிற விதத்தைப் பாருங்கள். அங்கொன்று இங்கொன்று, அதுவும் மூலையில் மட்டும் என்றால் விட்டுவிடலாம், அந்த இடத்தில் தேங்காய் உடைக்காமல், கிரைண்டரை வைக்காமல் இருந்தால் போதும். ஒரே வரிசையில் ஐந்தாறு சேர்ந்து காலி என்றால் அந்த வரிசை ஒருநாள் எழும்பும். சென்னையில் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள், யாருமே மிதிக்காதபோது பட்டென்று வெடிச் சத்தம் கேட்கும், வந்து பார்த்தால் இரண்டு டைல்ஸ் ஒன்றோடொன்று முட்டிக் கூரை மாதிரி நிற்கும். வெப்பத்தில் டைல்ஸ் விரியும், அடியில் இருக்கிற கான்கிரீட்டும் காலப்போக்கில் சற்றுச் சுருங்கும், இடையில் இடைவெளி விடாமல் ஒட்ட ஒட்டப் பதித்திருந்தால் போக வேறு வழியில்லாமல் மேலே கிளம்பும்.

எழும்பிய டைல்ஸை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், எல்லாக் கதையும் முதுகில் எழுதியிருக்கும். மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டில் அப்படி எடுத்த டைல்ஸின் முதுகு கடையிலிருந்து வந்தபடியே சுத்தமாக இருந்தது, கம்பெனி முத்திரையின் கோடுகூட அழியவில்லை. தரையில் நடுவில் ஒன்று, மூலைக்கு ஒன்று என்று ஐந்து சிமெண்ட் உருண்டைகள், ஒவ்வொன்றின் தலையிலும் டைல்ஸ் முதுகின் வரிகள் அச்சாகப் பதிந்திருந்தன. அதாவது தொட்டிருக்கிறது, ஒட்டவில்லை. விட்ரிஃபைட் தண்ணீர் குடிக்காது என்று மேலே சொன்னேன் அல்லவா, சிமெண்ட் பால் உள்ளே இறங்கிப் பிடிக்க அதில் இடமே இல்லை. அதனால்தான் விட்ரிஃபைடுக்கு வெறும் சிமெண்ட் கலவை ஆகாது, பாலிமர் கலந்த டைல் அட்ஹெசிவ் வேண்டும் என்பது. மேஸ்திரி "இருபது வருஷமா இப்படித்தான் சார் போடறோம், ஒண்ணும் ஆகாது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. முன்பு போட்டது தண்ணீர் குடிக்கும் செராமிக், அது சிமெண்டில் நன்றாகவே ஒட்டும்.

சரிசெய்வது எப்படி? எழும்பிய வரிசையையும் அதன் இரு பக்கமும் காலியாக இருப்பவற்றையும் எடுத்துவிட்டு, அடியில் தளர்ந்த கலவையைச் சுத்தமாகச் செதுக்கி, அட்ஹெசிவைப் பல் வைத்த கரண்டியால் தரை முழுக்க வரிவரியாக இழுத்து, டைல்ஸ் முதுகிலும் மெல்லிசாகப் பூசி, பதித்து ரப்பர் சுத்தியால் தட்ட வேண்டும். இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் (டைல்ஸுக்கு நடுவே இடைவெளிக்காக வைக்கும் துண்டு) கட்டாயம். சுவரை ஒட்டிக் கால் அங்குலம் விட்டால் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஓடும் பட்டை) அதை மறைத்துவிடும். முதல் டைல்ஸைப் பதித்த உடனே மேஸ்திரியிடம் சொல்லித் திரும்பப் பிடுங்கச் செய்து முதுகைப் பாருங்கள். முழுக்க அட்ஹெசிவ் பிடித்திருந்தால் மேலே போகலாம்.

"பழசை உடைக்காம மேலேயே போட்டுடலாமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம், பழைய தரையில் பெருக்கல் குறி விழாமல் இருந்தால் மட்டும். டைல்ஸ் மேல் டைல்ஸுக்கு என்று சொல்லியிருக்கிற அட்ஹெசிவையே கேட்டு வாங்குங்கள். தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும் என்பதையும் கணக்கில் வையுங்கள், கதவு அடி தட்டும், ஹாலைவிடக் கிச்சன் உயர்ந்துவிட்டால் சிந்துகிற தண்ணீர் நேராக ஹாலுக்குத்தான் போகும்.

விரிசல்

ஒரே ஒரு டைல்ஸில், ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலையாகப் பரவினால் ஏதோ விழுந்திருக்கிறது, பெரும்பாலும் அடியிலும் காலியாக இருக்கும். அந்த ஒன்றை மாற்றினால் போதும். பல டைல்ஸில் மெல்லிய தலைமுடிக் கோடுகள், நடக்கும் பாதையில் பூச்சு தேய்ந்திருக்கிறது என்றால் சுவர் டைல்ஸைத் தரையில் போட்டிருக்கிறார்கள். இதற்கு ரிப்பேர் கிடையாது, மாற்ற வேண்டியதுதான்.

நான் கவலைப்படுவது மூன்றாவது வகைக்கு. ஒரே கோடாக, ஜாயிண்ட்டைப் பற்றிக் கவலையே படாமல் டைல்ஸ் டைல்ஸாகத் தாண்டி ஓடும் விரிசல். அது டைல்ஸ் விரிசலே இல்லை, அடித்தளம் அசைந்திருக்கிறது. வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி களிமண்ணும் சதுப்பும் உள்ள பக்கங்களில், ஏரி ஓரத்தை மண் கொட்டி நிரப்பிய மனைகளில், தரைத்தள வீடுகளில் இது வரும். களிமண் மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு தேதி எழுதி வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னும் சித்திரை வெயிலுக்குப் பின்னும் பார்த்து, கோட்டைத் தாண்டி நீண்டிருந்தால் டைல்ஸ் கடைக்குப் போகாமல் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். சுவரிலும் சாய்வான விரிசல் இருந்தால் மழை வரை காத்திருக்கவே வேண்டாம்.

எப்போதும் ஈரம், அல்லது தண்ணீர் தேங்குகிறது

தேங்குவது என்றால் வாட்டம் சரியில்லை. தரையில் ஒரு கோலிக்குண்டை விட்டுப் பாருங்கள், அது எந்தப் பக்கம் உருள்கிறதோ தண்ணீரும் அந்தப் பக்கம்தான். வெள்ளிக்கிழமை தரையைக் கழுவிவிடுகிற வீடு என்றால் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும், அந்த இறக்கம் தண்ணீர் போகும் துளையை நோக்கி இருக்க வேண்டும். இப்போதைய அபார்ட்மெண்ட் கிச்சன்களில் துளையே இருப்பதில்லை, சர்வீஸ் ஏரியாவில்தான் இருக்கும். அப்படிப்பட்ட கிச்சனைக் கழுவிவிடக் கூடாது, துடைக்கத்தான் வேண்டும். மீறிக் கழுவினால் தண்ணீர் ஸ்கர்ட்டிங் ஓரமாக இறங்கிக் கீழ்வீட்டு சீலிங்கில் திட்டாகத் தெரியும், அப்புறம் அசோசியேஷன் மீட்டிங்தான். வாட்டம் கொடுத்துத் தரை போடுவதாக இருந்தால் நாலுக்கு இரண்டு அடி பெரிய டைல்ஸ் வேண்டாம், அதை வளைக்க முடியாது. இரண்டடி சதுரமோ அதைவிடச் சின்னதோ எடுங்கள். ஜாயிண்ட் கூடுவது கிச்சனில் பிடிமானத்துக்கும் நல்லது.

யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஒரு இடம் ஈரமாக இருந்தால் மூன்று சோதனை. சிங்க்கை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, நீல மை கொஞ்சம் கலந்து ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள், மேடைக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்து வையுங்கள். நீலம் வந்தால் வேஸ்ட் பைப் கசிவு. வராவிட்டால் ராத்திரி மோட்டார் போடாமல், எல்லாக் குழாயையும் மூடி, மாடித் தொட்டியின் மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பாருங்கள் (தனி வீட்டுக்குத்தான் இது சரிவரும்). குறைந்திருந்தால் குழாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பிரஷர் லைனில் கசிவு. இரண்டும் இல்லை என்றால் கனமான பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை அந்த இடத்தில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். ஷீட்டின் மேலே ஈரம் படிந்தால் அது காற்றின் ஈரப்பதம், ஃபேனும் எக்ஸாஸ்ட்டும் போதும். அடியில் வேர்த்திருந்தால் நிலத்திலிருந்து ஏறுகிறது.

நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தோடு வெள்ளைப் பொடியும் வரும், உப்பு பூக்கிறது என்போம். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்பான போர் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் இது இன்னும் அதிகம். பொடியைக் காய்ந்த பிரஷ்ஷால் கூட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய் மறுபடி பூக்கும். மேலே எபாக்ஸி பெயிண்ட் அடித்து மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். தரையைப் பிரித்து, அடியில் ஈரத்தடுப்பு போட்டு, நல்ல தண்ணீரில் கலவை போட்டு, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் புதுத் தரை.

லேமினேட், வினைல் ஸ்டிக்கர் கிளம்புகிறது

மரத்தூள் பலகையில் செய்த லேமினேட் தண்ணீர் குடித்து ஓரம் உப்பும், ஒருமுறை உப்பினால் இறங்காது. சென்னைக் கிச்சனுக்கு அது வேண்டாம். எஸ்பிசி பலகை (கல் தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்தது) தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் அதன் அடியில் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நாற்றமடிக்கும், சூடான வாணலி விழுந்தால் தழும்பும் விழும். வாடகை வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அடுப்புக்கும் சிங்க்குக்கும் முன்னால் தவிர்த்துவிட்டு மற்ற இடத்தில் ஒட்டுங்கள், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால்

பெரும்பாலான வீடுகளுக்கு என் தேர்வு மேட் விட்ரிஃபைட், ஆர் 10, நடுத்தர நிறம், எபாக்ஸி ஜாயிண்ட். வெள்ளையில் மஞ்சளும் முடியும் தெரியும், கறுப்பில் தண்ணீர்க் கறையும் மாவும் தெரியும், மண் நிறமும் சாம்பலும் இரண்டையும் தாங்கும். பாத்திரம் அடிக்கடி விழுகிற வீடென்றால் ஃபுல் பாடி வகையைக் கேளுங்கள், அதில் நிறம் அடிவரை இருக்கும், சில்லு பெயர்ந்தாலும் அவ்வளவாகத் தெரியாது. மேலே மட்டும் டிசைன் அச்சடித்த வகையில் பெயர்ந்த இடம் வேறு நிறமாகப் பல் இளிக்கும்.

தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்குகிற, உலக்கை போடுகிற, கல்யாணம் கார்த்திகைக்குப் பெரிய அண்டா இறக்குகிற வீட்டுக்கு முக்கால் அங்குலக் கனமுள்ள லெதர் ஃபினிஷ் கிரானைட். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வெட்டுகிற கல்லே போதும், போட்டவுடன் சீலர் (கல் எண்ணெயையும் தண்ணீரையும் உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு) அடித்துவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் எனக்கு மிகவும் பிடித்தது, ஹாலுக்கும் பூஜை அறைக்கும் போடுங்கள், கிச்சனில் புளியும் எலுமிச்சையும் அதைச் சும்மா விடாது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பழைய வீட்டில் ரெட் ஆக்சைடு தரை இன்னும் கெட்டியாக இருந்தால் தயவுசெய்து உடைக்காதீர்கள். அதை அந்த வழவழப்போடு இன்று போட்டுத்தரும் கை அரிது, நல்ல பராமரிப்பு இருந்தால் இன்னும் பல காலம் உழைக்கும்.

வாங்கும்போது தேவைக்கு மேல் பத்து சதவீதம் சேர்த்து வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், வண்டியில் ஏற்றிய பிறகு பார்த்தால் சண்டைதான் மிஞ்சும். டைல்ஸ் தயாராகும் குஜராத்தின் மோர்பியிலிருந்து அடுத்த லோடு வரும்போது அதே பெயரில் வேறு நிறம் வரும். வேலை முடிந்ததும் மிச்சத்தை மேஸ்திரி எடுத்துப்போக விடாமல் ஒரு பெட்டியைப் பரணில் ஏற்றி, அதன் லேபிளைப் போட்டோ எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள். எபாக்ஸி அடைத்த பிறகு ஒருநாள் முழுக்க யாரும் நடக்கக்கூடாது, பிரிட்ஜைத் திரும்ப உள்ளே தள்ளும்போது அடியில் பிளைவுட் போட்டுத் தள்ளுங்கள்.